மறு: சங்க வேன் நிதி – பணம் அனுப்பும் முன் இதையும் படித்துவிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம்தான் ஊரிலிருந்து திரும்பினேன். 3 வாரம் அங்கே இருந்தேன். வந்து பார்த்தால், பஸ் ஒழுங்காக வராத நம் எண்ணூரில் ஊர்ச் சங்கமே ஒரு வேன் வாங்கி ஆள் ஏற்றி ஓட்டலாம், வெளிநாட்டில் இருக்கும் நாம் ஆளுக்கு 25,000 ரூபாய் போடலாம் என்று ஒரு பட்டியல், அதன் கீழே 32 பதில்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வேனுக்கு நான் பணம் தரப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

கடைசி வீட்டு அத்தையை உங்கள் எல்லாருக்கும் தெரியும். வயது 64 ஆகிறது. இன்னும் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் உட்கார்ந்து விற்கிறார். ஒரு நாள் விடிகாலை 4.40க்கு நானும் கூடவே ஸ்டாப்புக்குப் போனேன். அன்னக்கூடைக்குள் மடித்த சாக்கு, தராசு, கத்தி, பழைய பாட்டிலில் தண்ணீர். முந்தானை முடிச்சில் 40 ரூபாயைத் தனியாக முடிந்து வைத்திருந்தார். "இது எதுக்கு அத்தை, பஸ்சுலதான் உங்களுக்கு டிக்கெட் இல்லையே" என்றேன். "பஸ் வந்தா இல்ல" என்றார்.

5 மணி வண்டி வரவில்லை. 5.25க்கும் வரவில்லை. ஸ்டாப்பில் 9 பேர் நின்றோம், அதில் 7 பேர் பெண்கள். 5.40க்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம். அத்தைக்கு 30, கூடைக்கு 10. காசிமேட்டில் இறங்கும்போது சங்கராவெல்லாம் பெரிய வியாபாரிகள் கைக்குப் போய்விட்டது. கவளையும் காரப்பொடியும்தான் மிச்சம். அன்று மதியம் அத்தை கையில் நின்றது 180 ரூபாய். போக வர ஆட்டோவுக்கு 80 போகாமல் இருந்திருந்தால் 260. இந்தக் கணக்கை அத்தை வாயாலேயே சொன்னார், விரல் விட்டு எண்ணி.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தபோது இந்தக் குழுவில் சிலர் என்ன எழுதினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அத்தைக்கு அது மாதம் 1,500 ரூபாய்க்கு மேல். இலவசச் சீட்டைக் கையில் வாங்கும்போது பக்கத்தில் ஒருவன் "ஓசி" என்று சொன்னதையும் அவர் மறக்கவில்லை. சீட்டு வாங்காமல் உட்காரவே மாட்டார். அந்தச் சீட்டின் கணக்குக்கு அரசாங்கம் பணம் கட்டுகிறது, ஆக நாம் யாருக்கும் கடன்படவில்லை என்று நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இப்போது வேன். மஸ்கட் மாமா, நீங்கள் போட்ட கணக்கு நியாயமான கணக்கு, ஆனால் பாதியில் நிற்கிறது. வேன் விலையை மட்டும் போட்டிருக்கிறீர்கள். டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), டயர் இதெல்லாம் எங்கே? முதல் வருஷம் எல்லாரும் அனுப்புவோம், இரண்டாம் வருஷம் பாதிப் பேர். மூன்றாம் வருஷம் வேன் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் கோழி அடையும் இடமாகிவிடும். ஆம்புலன்ஸ் விஷயத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

அடுத்தது பர்மிட். தலைக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் ஏற்றி இறக்கினால், மோட்டார் வாகனச் சட்டப்படி அது பஸ் ஓட்டுவதுதான். அதற்கென்று பர்மிட் வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியில் அதைச் செய்ய முடியாது. செக்கிங்கில் மாட்டினால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும், டிரைவராக வேலைக்கு வைத்த நம் பையன்தான் அலைய வேண்டும்.

இன்னொன்றை யாருமே பேசவில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பும் பணம் வேறு. தாங்கள் இருக்கும் வெளிநாட்டின் குடியுரிமை வாங்கியவர்கள் சங்கத்துக்கு அனுப்பும் பணம் வேறு. இரண்டாவது வகை, 2010ஆம் வருஷ வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதைச் சங்கம் வாங்க மத்திய உள்துறையில் பதிவு வேண்டும். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு டெல்லி ஸ்டேட் வங்கியில் அதற்கென்று ஒரு கணக்கும் திறக்க வேண்டும். நமக்கு இரண்டும் கிடையாது. சிட்னி அண்ணனும் டொராண்டோ அக்காவும் நல்ல மனசோடு அனுப்பும் பணத்தில் ஊரில் இருக்கும் செயலாளர் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும்.

சிட்னி அண்ணே, "நம்ம ஊர்ப் பேர் எழுதின வண்டி நம்ம ரோட்டில ஓடணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நமக்குப் பெருமை ஏற்கெனவே இருக்கிறது அண்ணே. எண்ணூரில் வண்டி செய்யும் அந்தக் கம்பெனி 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியது, 1955இல்தான் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. ஊர் ஊருக்கு ஓடிய எத்தனையோ பஸ்சின் எஞ்சினிலும் சேசிஸிலும் நம் தெரு ஆட்களின் கை பட்டிருக்கிறது. உங்கள் சித்தப்பா கை, என் நைனா கை.

நைனாவுக்கு இரண்டாம் ஷிப்ட் என்றால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். ஆலைச் சங்கு ஊதிய பிறகு ஆயா திண்ணையில் போய் உட்காருவாள். கடைசி பஸ் திரும்பும் சத்தம் கேட்டதும்தான் அடுப்பில் குழம்பை ஏற்றுவாள். அப்போது எல்லாருக்கும் அது பல்லவன்தான். 1972இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர், அந்தக் கழகத்தின் பெயர் மாறிப் பல வருஷம் ஆகியும் ஆயா சாகும்வரை "பல்லவன் வந்துச்சா" என்றுதான் கேட்டாள். நைனா சட்டைப் பையில் சுருட்டி வைத்த டிக்கெட்டுகளை நான் சேர்த்து வைப்பேன். நம்பர் கூட்டி 7 வந்தால் அன்றைக்கு அவர் அடிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. கண்டக்டர் ஒருவர், நைனா இன்னும் கேட் தாண்டவில்லை என்று தெரிந்தால் விசில் கொடுக்காமல் நிற்பார். டிரைவர் திட்டுவார், ஆனாலும் நிற்பார்.

அந்த இரவு பஸ்தான் இன்று இல்லாமல் போனது. காலை வண்டி பல நாள் வராமல் போவதும் இரவு வண்டி நின்றதும் ஒரே கதை. கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்துக்கொள்கின்றன, பஸ் நேரத்துக்கு வந்து சேர முடிவதில்லை. தாமதமான நேரத்தைச் சரிக்கட்ட வண்டியை நடுவழியிலேயே திருப்பிவிடுகிறார்கள். கடைசி ஸ்டாப்பில் இருப்பவன் தலையில்தான் அது விடிகிறது. டிரைவர், கண்டக்டர் ஆள் குறைந்தாலும் முதலில் வெட்டுப்படுவது ஊர் ஓரத்துக்கு வரும் நடைகள்தான். மெட்ரோ இருக்கிறதே என்று துபாய் தம்பி கேட்டிருந்தாய். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை வந்தது, சந்தோஷம்தான். நமக்கு அதற்கு அப்புறம்தானே ஊர் தொடங்குகிறது? ரயிலும் இருக்கிறது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏற அத்தை முட்டி தாங்காது.

2025 ஜூனில் வியாசர்பாடியில் 120 மின்சார பஸ் விட்டார்கள். எல்லாம் தாழ்தள வண்டி. ஒன்றில் ஏறிப் பார்த்தேன். கூடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்காமலே உள்ளே தள்ளலாம். 2013 அக்டோபரில் 50 சிற்றுந்துகள் விட்டதே, பெரிய பஸ் போகாத தெருக்களுக்காகத்தான். ஆக, வண்டி இருக்கிறது. நம் பக்கம் வரச் சொல்லிக் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

நான் ஊரில் இருந்தபோது டீக்கடைப் பையனிடம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். காலை முதல் பஸ் வந்த நேரத்தை மட்டும் தினம் எழுதச் சொன்னேன். 21 நாளில் 12 நாள்தான் வண்டி வந்திருக்கிறது. அவன் எழுத்து கோணல்மாணல், ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. மழை பெய்த நாளில் பக்கம் நனைந்து மை பரவியிருக்கிறது, நேரம் மட்டும் தெரிகிறது: "6.10 வந்திச்சி".

இந்த நோட்டோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். நம் தடத்துக்கு நாளுக்கு எத்தனை நடை அனுமதி, கடந்த 6 மாதத்தில் எத்தனை நடை உண்மையில் ஓடியது, ஓடாததற்குப் பதிவேட்டில் என்ன காரணம், இந்த மூன்றும் போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. ஆனால் இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும், அதனால் ஊரில் இருப்பவர்கள் பெயரில் போகட்டும். அத்தை கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பதில் கையில் வந்த பிறகு கவுன்சிலர், எம்.எல்.ஏ., டிப்போ என்று எங்கே போனாலும் நமக்குப் பேச ஒரு காகிதம் இருக்கும். 2011இல் நம்மைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள், மண்டல எண்ணில் நாம்தான் 1. காலையில் ஒரு பஸ், இரவில் ஒரு பஸ். நாம் கேட்பது அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015 வெள்ளத்தில் அரிசி மூட்டை இறக்கியபோது என் வீட்டுக்காரர் 2 மூட்டை எடுத்துக்கொண்டார் என்று இதே குழுவில் ஒருவர் எழுதினார். பில் நான் அப்போதே அனுப்பினேன். வருத்தம் தெரிவித்து ஒரு வரி இன்றுவரை வரவில்லை. அவர்தான் இப்போது வேனுக்குப் பொருளாளர். அவர் கையில் பணம் போவதால்தான் நான் மறுக்கிறேன் என்று யாராவது நினைத்தால், இல்லை. மேலே எழுதியதுதான் காரணம். ஆனால் அந்த ஒரு வரி எனக்கு இன்னும் வேண்டும்.

மனுவின் வரைவை நாளை இரவு அனுப்புகிறேன். மஸ்கட் மாமா, கேள்விகளில் ஓட்டை இருந்தால் நீங்கள்தான் கண்டுபிடிப்பீர்கள், பார்த்துக் கொடுங்கள். மார்கழியில் ஊருக்குப் போகிறவர்கள் டீக்கடைப் பையனுக்கு இன்னொரு நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பழையதில் 5 பக்கம்தான் மிச்சம்.