ரெண்டாவது வெப்கேம் போட்டா "நோ ஸ்பேஸ் லெஃப்ட்"ங்குது, ஆனா டிஸ்க்கு பாதி காலி

செவலைமாட்டுக்காரன் (திங்கள், இரவு 9:12)

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

எனக்கு வேலை கோயமுத்தூர்ல, ஊரு கோபிக்குப் பக்கம். வீட்டுல செவலை மாடு ஒண்ணு நெறமாசம். மடி எறங்கிருச்சு, இந்த வாரமோ அடுத்த வாரமோ கன்னு போட்டுரும். போன ஈத்துல கன்னு குறுக்கே நின்னு, டாக்டர் வர்றதுக்குள்ள போயிருச்சு. அதுலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. ராத்திரி மணிக்கொருக்கா டார்ச்சு எடுத்துட்டு கட்டுத்தரைக்குப் போயிப் பாத்துட்டு வர்றாரு. வயசு 67, போற வழியில வாய்க்கா வேற.

சரி, கேமரா வெச்சு நானே இங்கிருந்து ராத்திரி பாத்துக்கறேன், நீங்க படுங்கன்னு சொன்னேன். வீட்டுல 2012ல வாங்கின லேப்டாப் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. லினக்ஸ் மின்ட் 21.3, எக்ஸ்எஃப்சிஈ போட்டேன், நல்லாவே ஓடுது. காலேஜ் ஆன்லைன் க்ளாஸ் காலத்துல வாங்கின யுஎஸ்பி வெப்கேம் ரெண்டு இருந்துச்சு, ரெண்டும் ஒரே மாடல். ஒண்ணு மாட்டுக்குப் பின்னாடி தூண்ல, இன்னொண்ணு மொத்தக் கட்டுத்தரையும் தெரியற மாதிரி விட்டத்துல. ரெண்டும் ஒரு ஹப்புல சொருகியிருக்கு.

சாஃப்ட்வேர் மோஷன், கேமரா படத்தை நேரலையா காட்டும், அசைவு தெரிஞ்சா வீடியோவும் பிடிச்சு வெக்கும். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மோஷன்"னு அடிச்சேன், வந்துருச்சு. ஒரு கேமரா மட்டும் வெச்சப்ப எந்தத் தொந்தரவும் இல்லை. ரெண்டாவதையும் சேர்த்தா லாக்ல இப்படி வருது: "எரர் ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரீம், விட்ஐஓசி_ஸ்ட்ரீம்ஆன்: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்".

டிஸ்க்குல இடமில்லைங்குதுன்னு பாத்தா, முதல் மூணு நாள்ல மோஷன் 38 ஜிபிக்கு வீடியோ சேத்து வெச்சிருக்கு! தொறந்து பாத்தா எல்லாம் பல்பைச் சுத்தற ஈசல், மாட்டு வாலு, ஒரு பல்லி. அத்தனையும் அழிச்சேன். இப்ப டிஸ்க்குல 61 ஜிபி காலி. ஆனாலும் அதே எரர். வேற எந்த எடம் இல்லைன்னு சொல்லுதுங்க இது?

பழைய_பென்குயின் (திங்கள், இரவு 9:50)

அது டிஸ்க் இடம் இல்லை தம்பி. யுஎஸ்பியில இடம் இல்லைன்னு சொல்லுது. கெர்னல்கிட்ட (லினக்ஸோட அடிப்படைப் பகுதி) ரெண்டுக்கும் ஒரே எரர் வாசகம்தான், அதான் எல்லாரும் ஏமாந்துடறோம். நானும் ஒரு தடவை வீட்டுப் படமெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தியிருக்கேன் இதை நம்பி.

உங்க கேமரா சுருக்காத படமா, யுயுஒய்வி ஃபார்மேட்ல அனுப்புது. அதை எம்ஜேபிஜிக்கு, அதாவது சுருக்கின படத்துக்கு மாத்துங்க, பாரம் குறையும். பழைய மோஷன்ல "வி4எல்2_பேலட் 8"னு தனி வரி. புதுசுல "வீடியோ_பேராம்ஸ்" வரிக்குள்ள "பேலட்=8". சரியாயிடும்.

கடைவீதி (திங்கள், இரவு 10:05)

ஒரு வைஃபை சிசிடிவி கேமரா வாங்கி மாட்டினா பத்து நிமிஷ வேலை. இருட்டுலயும் தெரியும். எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

செவலைமாட்டுக்காரன் (செவ்வாய், காலை 7:20)

@கடைவீதி வாங்கலாமுங்க. ஆனா மாடு கன்னு போடறது ஒரு வாரத்துக்குள்ள, லேப்டாப்பும் கேமராவும் சும்மா கெடக்குது. அப்புறம் அந்த வீடியோ எந்த ஊரு சர்வருக்குப் போகுதுன்னு அம்மா கேப்பாங்க, என்கிட்ட பதில் இல்லை.

@பழைய_பென்குயின் அண்ணே, நேத்து ராத்திரியே பேலட் 8 போட்டுப் பாத்தேன். அதே எரர். ஒரு கேமராவைக் கழட்டினா இன்னொண்ணு நல்லா வருது, எதைக் கழட்டினாலும் அப்படித்தான். அதனால கேமரா பழுது இல்லை.

இன்னொரு குழப்பம். கேமரா ரெண்டுதான், ஆனா /டெவ் அடியில வீடியோ0, 1, 2, 3னு நாலு காட்டுது. மோஷன்ல வீடியோ0, வீடியோ1னு போட்டிருந்தேன், அப்ப வேற எரர். வீடியோ0, வீடியோ2னு மாத்தினப்பறம்தான் இந்த எரருக்கே வந்து சேந்தேன்.

"எல்எஸ்யுஎஸ்பி -டி" அடிச்சுப் பாத்தேன், ரெண்டு கேமராவும் ஒரே பஸ்ல (யுஎஸ்பி தகவல் போற பாதை) ஹப்புக்கு அடியில நிக்குது.

துண்டு_போட்ட_சீட் (செவ்வாய், காலை 11:34)

நாலு காட்டறதுல தப்பில்லை. கெர்னல் 4.16ல இருந்து ஒவ்வொரு யுவிசி கேமராவுக்கும் (சாதாரண யுஎஸ்பி வெப்கேம்தான்) படத்துக்கு ஒரு கதவு, மெட்டாடேட்டாவுக்கு (படத்தைப் பத்தின தகவல்) ஒரு கதவுன்னு ரெண்டு வரும். ஒற்றைப்படை எண்ணுல இருந்து படம் வராது.

இப்ப அசல் விஷயம். டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்பாங்கல்ல, யுஎஸ்பி வெப்கேமும் அதைத்தான் பண்ணுது. ஸ்ட்ரீம் ஆரம்பிக்கும்போதே "எனக்கு இவ்வளவு இடம் வேணும்"னு யுஎஸ்பி பஸ்ல ரிசர்வ் பண்ணிடும். உக்கார்றது ஒரு ஆள், துண்டு மூணு சீட்டுக்கு.

கணக்கு பாருங்க. யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட். அதை நொடிக்கு 8000 பங்கா வெட்டியிருக்கு, ஒரு பங்குக்கு 7500 பைட். அதுல 80 சதவீதம், அதாவது 6000 பைட்தான் இந்த மாதிரி ரிசர்வேஷனுக்கு. ஒரு கேமரா அதிகபட்சமா 3072 பைட் கேக்கலாம். விலை குறைஞ்ச கேமரா பெரும்பாலும் தேவை இருக்கோ இல்லையோ அந்த அதிகபட்சத்தையே கேக்கும். ரெண்டு கேமரா, 6144. பஸ்ல 6000. 144 பைட்டுல போச்சு உங்க ரெண்டாவது கேமரா.

பென்குயின் சார் சொன்ன எம்ஜேபிஜி வழி நல்ல கேமராவுக்கு எடுபடும். உங்களுது எம்ஜேபிஜியிலயும் அதே 3072 துண்டைப் போடுது போல, அதான் மாறலை. இப்ப ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ஹப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கேமராவை இடது பக்கமும் இன்னொண்ணை வலது பக்கமும் சொருகுங்க. அந்தக் கால இன்டெல் லேப்டாப்ல யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் பெரும்பாலும் ரெண்டு இருக்கும். "எல்எஸ்யுஎஸ்பி -டி"ல ரெண்டும் வேற வேற பஸ் நம்பர் காட்டினா வேலை முடிஞ்சுது, வேற எதுவும் வேண்டாம்.

ரெண்டாவது வழி, கேமரா சொல்ற கணக்கை நம்பாதேன்னு கெர்னல் டிரைவர்கிட்ட சொல்றது. /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடியில ஒரு ஃபைல் உண்டாக்கி "ஆப்ஷன்ஸ் யுவிசிவீடியோ குவிர்க்ஸ்=128"னு ஒரே வரி. மோஷனை நிறுத்திட்டு யுவிசிவீடியோ மாட்யூலைக் கழட்டி மாட்டணும், இல்லை ரீஸ்டார்ட். இது சுருக்காத படத்துக்கு மட்டும்தான் கேக்கும், அதனால நேத்து போட்ட 8ஐ எடுத்துட்டு பேலட் 15 போடுங்க (அதுதான் யுயுஒய்வி). அளவு 640க்கு 480, ஃபிரேம்ரேட் 10. அப்ப டிரைவரே கணக்குப் போட்டு 3072க்குப் பதிலா 1024தான் கேக்கும்.

அப்படியே இன்னொண்ணு. வீடியோ0, வீடியோ2னு எழுதி வெச்சா ரீஸ்டார்ட்டுல ரெண்டும் இடம் மாறலாம். /டெவ்/வி4எல்/பை-பாத் அடியில இருக்கற பேரை எடுத்துப் போடுங்க. பை-ஐடி வேண்டாம், ஒரே மாடல் கேமராங்கறதால அங்க ரெண்டும் ஒரே பேருல வந்து மோதலாம்.

செவலைமாட்டுக்காரன் (புதன், இரவு 8:41)

@துண்டு_போட்ட_சீட் உங்க கையைக் குடுங்க. லேப்டாப்ல வலது பக்க போர்ட்டு லூசு, தொட்டா விட்டுப்போகுது. அதனால ரெண்டாவது வழி. தம்பியை போன்ல வெச்சுட்டு ஒவ்வொரு எழுத்தா சொல்லி அடிக்க வெச்சேன் ("அண்டர்ஸ்கோர்னா எதுடா?" "கோடு, கீழ இருக்கற கோடு"). ரெண்டு கேமராவும் வந்துருச்சு!

ஆனா மூணு சங்கடம். தம்பி அங்கேயே லேப்டாப் பிரவுசர்ல 8081 (மோஷன் நேரலை காட்டற போர்ட்டு) தொறந்தா படம் நொடிக்கு ஒண்ணுதான் மாறுது, வாலு இங்க இருக்கும், அப்புறம் அங்க இருக்கும். ரெண்டாவது, அவன் போன்ல இருந்து தொறந்தா வரவே மாட்டேங்குது, நான் கோவையில இருந்து எப்படிப் பாக்கறது? மூணாவது, நேத்து ராத்திரி 11 மணிக்கு எல்லாம் அணைஞ்சுருச்சு. விசாரிச்சா, கோழி கீபோர்டு மேல ஏறுதுன்னு அம்மா லேப்டாப்பை மூடி வெச்சிருக்காங்க.

பழைய_பென்குயின் (புதன், இரவு 9:15)

என் எம்ஜேபிஜி எடுபடலை, ஒத்துக்கறேன். அந்த 6144 கணக்கை நோட்டுல எழுதி வெச்சுட்டேன்.

நொடிக்கு ஒரு படம்: மோஷன்ல "ஸ்ட்ரீம்_மேக்ஸ்ரேட்" வந்தபடியே 1. அதை 10 ஆக்குங்க. போன்ல வராதது: "ஸ்ட்ரீம்_லோக்கல்ஹோஸ்ட்" ஆன்ல இருக்கும், அப்ப அந்த லேப்டாப்புக்குள்ள மட்டும்தான் படம் தெரியும், ஆஃப் பண்ணுங்க. 8080ல இருக்கற கன்ட்ரோல் பக்கத்தை மட்டும் அப்படியே லோக்கல்ஹோஸ்ட்லயே விட்டுருங்க. யுஎஃப்டபிள்யு ஃபயர்வால் ஓடுச்சுன்னா 8081க்கு வழி விடணும். ஈசல் படம் வேண்டாம்னா "மூவி_அவுட்புட்" ஆஃப், உங்களுக்கு நேரலைதானே வேணும்.

மூடி வெச்சா தூங்கக்கூடாதுன்னா, லாகின்டி.கான்ஃப் ஃபைல்ல "ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர்". எக்ஸ்எஃப்சிஈ பவர் மேனேஜர்லயும் மூடி மூடினா என்ன பண்ணணும்னு ஒரு இடம் இருக்கு, ரெண்டையும் பாருங்க. ஒண்ணு மட்டும் மாத்திட்டு ஏமாந்தவங்க நிறைய.

கோவையில இருந்து பாக்க, ரவுட்டர்ல போர்ட்டைத் தொறந்து விடாதீங்க. கிராமத்து இணைப்புல பொது ஐபி கிடைக்கறதும் சந்தேகம், கிடைச்சாலும் பாஸ்வேர்டு இல்லாத கேமராவை ஊரே பாக்கும். மோஷன்ல பாஸ்வேர்டு தானா இருக்காது, நாமதான் வைக்கணும். லேப்டாப்லயும் உங்க போன்லயும் டெயில்ஸ்கேல் போடுங்க, அது உங்க கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்கா சேக்கும். லேப்டாப்புக்கு 100ல ஆரம்பிக்கற ஒரு ஐபி வரும், அதோட 8081 சேத்து அடிச்சா போதும்.

வீணை_டீச்சர் (புதன், இரவு 10:22)

நான் ஆன்லைன்ல வீணை சொல்லிக்கொடுக்கறேன். இடது கை மெட்டுக்கு ஒரு கேமரா, முகத்துக்கு ஒண்ணு, உபுன்டுல ஓபிஎஸ்ங்கற வீடியோ சாஃப்ட்வேர்ல ரெண்டையும் சேர்ப்பேன். இதே எரருக்கு நான் ஒரு புது ஹப் வாங்கித் தண்டம் அழுதேன். இப்பத்தான் தெரியுது, எந்த ஹப் வாங்கினாலும் அதே பஸ்தான்.

செவலைக்காரருக்கு ஒரு விஷயம். வெளிச்சம் கம்மியானா கேமரா தானாவே ஃபிரேம் ரேட்டைக் குறைச்சுடும், கமகம் எல்லாம் இழுவி விட்ட மாதிரி தெரியும். வி4எல்-யுடில்ஸ் போட்டு, வி4எல்2-சிடிஎல்ல "எக்ஸ்போஷர்_டைனமிக்_ஃபிரேம்ரேட்"டை 0 ஆக்குங்க. படம் கொஞ்சம் இருட்டா வரும், ஆனா அசைவு ஒழுங்கா தெரியும். மாடு முக்குதா இல்லையான்னு பாக்க உங்களுக்கு அசைவுதானே முக்கியம்.

செவலைமாட்டுக்காரன் (சனி, காலை 6:03)

எல்லாருக்கும் நன்றிங்க. மேக்ஸ்ரேட் 10, லோக்கல்ஹோஸ்ட் ஆஃப், டெயில்ஸ்கேல், லிட்ஸ்விட்ச், டீச்சர் சொன்ன எக்ஸ்போஷர், எல்லாம் போட்டாச்சு. கோழிக்கு ஒரு தக்காளிப் பெட்டி. லேப்டாப்பை அதுக்குள்ள வெச்சு மேல சாக்கு போட்டு மூடியாச்சு, காத்துப் போக சந்து விட்டிருக்கு.

நேத்து ராத்திரி 2:40 இருக்கும். விட்டத்துக் கேமராவுல மாடு எந்திரிக்கறதும் படுக்கறதுமா இருந்துச்சு. தூண் கேமராவுக்கு மாத்தினேன், பனிக்குடம் உடைஞ்ச மாதிரி தரை மினுங்குது. அப்பாவுக்குப் போன் அடிச்சேன், எடுக்கலை. ரெண்டாவது தடவை அடிக்கறேன், கேமராவுலயே ரிங் அடிக்கற வெளிச்சம் தெரியுது, அவரு சட்டைப் பையில. மனுசன் ஏற்கெனவே அங்கதான் உக்காந்திருக்காரு, தூணுக்கு மறைவுல, கயித்துக் கட்டில் போட்டு. படுத்துக்கறேன்னு சொன்னதெல்லாம் சும்மா.

அப்புறம் அரை மணி நேரம் நான் பாத்தது அப்பாவோட முதுகு மட்டும்தான், நேரா கேமராவுக்கு முன்னாடி குனிஞ்சுட்டாரு. கிடேரிக் கன்னு. முன்னங்கால் ரெண்டும் தலையும் ஒழுங்கா வந்துருச்சாம். நஞ்சுக்கொடி 5 மணிக்குள்ள விழுந்துருச்சு.

கேமராவைக் கழட்டட்டுமான்னு காலையில கேட்டேன். இருக்கட்டும், விட்டத்துல இருக்கறதைக் கொஞ்சம் கன்னுப் பக்கம் திருப்பி விடுங்கறாரு. அவரு போன்லயும் டெயில்ஸ்கேல் போட்டுக் குடுக்கணுமாம். ஒரே அக்கவுன்ட்ல மூணாவதா இன்னொரு போனைச் சேக்கறதுல ஏதாவது சிக்கல் இருக்குங்களா?

பழைய_பென்குயின் (சனி, காலை 6:30)

சிக்கல் இல்லை, தாராளமா சேருங்க. கன்னு படம் ஒண்ணு போடுங்க.