லேபிளில் 10 மில்லிக்யூரி, மெஷினில் 7.4: எங்கே போச்சு மீதி?

புதூர்ப் பையன்:
மதுரையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று வியாழன், மதியம் 12 மணிக்கு ஒரு அயோடின்-131 (கதிரியக்க அயோடின்) கேப்ஸ்யூலை, கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிப்ரேட்டர் மெஷினில் வைத்தேன், தைராய்டு அதிகமாகச் சுரக்கும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது. லேபிளில் 10 மில்லிக்யூரி, மெஷின் 7.4 காட்டுகிறது. ஈயப் பானையைத் திறந்தபோது ஆவியாகிப் போயிருக்குமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. சீனியர் சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டார், போன் பண்ணினால் சிரிப்பார். இன்னொன்று, கரைசலாக வாங்கி நாமே காலி கேப்ஸ்யூலில் அடைத்துக்கொண்டால் என்ன?

ஹாட்லேப் அக்கா:
தம்பி, மில்லிக்யூரிக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் நேரமும் போட்டிருக்குமே, அது என்ன?

புதூர்ப் பையன்:
திங்கள், மதியம் 12.

ஹாட்லேப் அக்கா:
அப்புறம் என்ன. 10 என்பது அந்த நேரத்து அளவு. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள், ஒரு நாளைக்கு 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறையும். மூன்று நாளில் 10 என்பது 7.7 ஆகிவிடும். நீ பார்த்தது 7.4, வித்தியாசம் 4 சதவீதம். நாங்கள் 10 சதவீதம் வரை ஏற்றுக்கொள்வோம். சில சமயம் லேபிள் தேதி இனிமேல் வரப்போகும் நாளாக இருக்கும், அப்போது லேபிளைவிடக் கூடக் காட்டும், அதற்கும் பயப்படாதே. சரி, காலையில் சீசியம்-137 வைத்து மெஷினைச் சோதித்தாயா? அதன் அரை ஆயுள் 30 வருடம், அதனால் நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாகத்தான் வர வேண்டும். எந்தக் கதிரியக்கப் பொருளை அளக்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டன், அயோடினுக்குப் பதில் டெக்னீசியத்தில் நின்றுகொண்டிருந்தால் எல்லாமே தப்பு. கேப்ஸ்யூல் எப்போதும் அதே ஹோல்டரில், அதே உயரத்தில் இருக்கட்டும்.

திருமங்கலத்தான்:
கேப்ஸ்யூல் ஆவியே ஆகாது தம்பி, மேஜை மேலேயே திறக்கலாம். பாட்டில் கரைசலுக்குத்தான் அந்தக் கவலையெல்லாம்.

ஹாட்லேப் அக்கா:
அண்ணே, அப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கரைசலைவிடக் குறைவுதான், ஆனாலும் மூடிய பானைக்குள் கொஞ்சம் அயோடின் சேரும். ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள் திறந்து, சற்று நேரம் காற்றுப் போகவிட்டு, இடுக்கியால் எடுப்பதுதான் முறை. உள்ளே போனால் நம்ம தைராய்டுதான் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நோயாளியுடையது மட்டும் என்று அதற்குத் தெரியுமா?

கப்பலூர்க்காரன்:
நான் சில வருடம் வடக்கே கேப்ஸ்யூல் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவன், இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையில் டெலூரியம் ஆக்சைடை வைத்து நியூட்ரான் அடித்து, அப்புறம் சூடாக்கி, ஆவியாகி வரும் அயோடினைக் காரக் கரைசலில் பிடிப்பார்கள். காரம் குறைந்தால், ஆக்சிஜனேற்றம் நடந்தால் அது பறந்துவிடும், அதனால்தான் தயோசல்பேட் சேர்க்கிறார்கள். ஜெலட்டின் கேப்ஸ்யூலில் முதலில் நீரில்லாத டைசோடியம் பாஸ்பேட் தூள், அதன் மேல் ஒரு துளி கரைசல். தூள் அந்த ஈரத்தைக் குடித்துவிடும், இல்லையென்றால் ஜெலட்டின் இளகி ஓட்டையாகிவிடும். துளி கொஞ்சம் பெரிதானாலே கேப்ஸ்யூல் போச்சு. இதை ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று செய்ய வேண்டும். அதோடு முடியாது. ஒவ்வொன்றிலும் அளவு ஒன்றுபோல இருக்கிறதா, 37 டிகிரியில் கரைகிறதா, மெல்லடுக்கு வண்ணப்பிரிகையில் (வேதி வடிவங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) 95 சதவீதத்துக்குக் குறையாமல் அயோடைடாகவே இருக்கிறதா, வெளியே துடைத்தால் பஞ்சில் கதிரியக்கம் ஒட்டுகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இதற்கு வசதியும் அனுமதியும் இல்லாமல் ஆஸ்பத்திரி மேஜையில் அடைக்கிற வேலை வேண்டவே வேண்டாம் தம்பி.

புதூர்ப் பையன்:
ஹோல்டரில் வைக்காமல் சும்மா உள்ளே போட்டிருக்கிறேன் அக்கா! சரியாக வைத்ததும் 7.6. டாக்டரிடம் அந்த எண்ணைக் காட்டி, அவர் சரி என்றபிறகு கொடுத்தாயிற்று. சீனியருக்கு போன் பண்ணவில்லை.