போர் தண்ணி உப்பு: குழாய் வாயில் வெள்ளைக் கட்டி, ஆசிட் ஊத்தலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
சிங்க் குழாய் வாயைச் சுத்தி உப்பு கல்லு மாதிரி பிடிச்சிருக்குங்க. தண்ணி நேரா விழாம ரெண்டு பக்கமும் பீய்ச்சுது. பாத்ரூம்ல கால் திருப்புக் குழாயும் (கால்வாசி சுத்துல திறக்கறது) இறுகிப்போச்சு. கம்பி நார் போட்டா குரோம் கீறுது. டாய்லெட் ஆசிட் ஊத்தினா போயிரும்ங்கறாங்க, ஊத்தலாமா?

பதில் 1:
ஊத்தவே ஊத்தாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். உப்போட சேர்த்து குரோமையும் தின்னுரும், அடியில இருக்கற பித்தளை வெளிய வந்து பச்சை பூக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்துல அந்த ஆசிட் பட்டா குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும்.

எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணிக்கு 2 டீஸ்பூன், சுமார் 10 கிராம். கொதிக்கற தண்ணி வேண்டாம். சூட்டுல கால்சியம் சிட்ரேட்டா மாறி மறுபடி வெள்ளையாப் படியும். சிங்க் ஓட்டையில துணியை அடைச்சுட்டு, குழாய் வாய்ல இருக்கற சல்லடையை (ஏரேட்டர்) கழட்டுங்க. வாஷர், வலை, பிளாஸ்டிக் துண்டு எந்த வரிசையில இருக்குன்னு போன்ல படம் எடுத்து வைங்க, மாத்திப் போட்டா ஒழுகும். அந்தக் கரைசல்ல அரை மணி நேரம் ஊறினதும் பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா உதிர்ந்துரும். ரப்பர் வாஷரை ஊறப் போடாதீங்க.

பதில் 2:
அதுக்கு முன்னாடி கட்டி மேல ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு, கண்டிப்பா கரையும். நுரைக்கலைன்னா வேற உப்பு, ஊறவச்சு மட்டும் போகாது. வாளையார் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கற பூமி, நம்ம போர்ல கடினம் (கால்சியம், மக்னீசியம் உப்பு) இருக்கறது அதிசயமில்லை. குடிதண்ணிக்கு ஐ.எஸ். 10500 (இந்தியத் தரநிலை) சொல்ற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாத இடத்துல 600 வரைக்கும். லேப்ல கொடுத்து அளவு பாத்துருங்க. கறுப்பு, தங்க நிறப் பூச்சுக் குழாயிலயும் மார்பிள் மேடையிலயும் எந்தப் புளிப்பும் படக்கூடாது.

பதில் 3:
இறுகின குழாய்க்கு: ஆங்கிள் காக்கை (குழாய்க்குத் தண்ணி வர்ற வழியில இருக்கற சின்ன வால்வு) மூடுங்க, கைப்பிடி திருகைக் கழட்டி உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜை வெளிய எடுங்க. அதுல ரெண்டு பீங்கான் வில்லை ஒண்ணோட ஒண்ணு உரசும். இடையில உப்புத் துகள் மாட்டினா கீறல் விழுந்து சொட்டும். அதே எலுமிச்சை உப்புக் கரைசல்ல ஊறவச்சு அலசுங்க. தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, ரப்பர் உப்பிரும். சிலிகான் கிரீஸ் தான் சரி. கீறல் விழுந்திருந்தா கார்ட்ரிட்ஜையே மாத்தணும்.

கேட்டவர்:
நன்றிங்கண்ணா. ஏரேட்டர் அசையவே மாட்டேங்குது.

பதில் 1:
வினிகர்ல நனைச்ச துணியைச் சுத்தி, மேல பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்க. அரை மணி நேரம் போதும், ராத்திரி பூரா விடாதீங்க. அப்புறம் துணி வச்சுக் குறடால பிடிச்சு, கீழ இருந்து பாத்து இடப்பக்கமாத் திருப்புங்க. அசையலைன்னா இன்னொரு தடவை ஊறட்டும், முறுக்கினா மரை போயிரும்.