கற்றூணும் சவுக்குமுளையும்

வவுனிக்குளத்தான்:
ஃபிளாஜெலேஷன் என்ற சொல் எனக்கு முதலில் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில்தான் வந்தது. அகராதியில் "கசையடி" என்றிருந்தது, எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகுதான் விளங்கியது, அம்மம்மா செவ்வாயும் வெள்ளியும் செபமாலையில் இயேசுவைப் பற்றிச் சொல்லுவாவே, "கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது", அதுதான் இது. சின்ன வயதில் கற்றூண் என்பதும் மாங்குளம், முழங்காவில் மாதிரி ஓர் ஊர் என்று நினைத்து, பஸ் போகுமா என்று கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன். கல் தூண் என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அம்மம்மாவின் சொல்லில் சவுக்கே இல்லை, கவனித்தீர்களா?

முல்லைக்கடல்:
எனக்கு அது கையிலேயே வந்தது. தவக்காலத்தில் ஊரில் போட்ட பாடுகளின் காட்சியில் நான் சேவகன். சாக்கு நூலை மூன்று பிரியாகப் பின்னி, நுனியைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துவிட்டால் பட்ட இடமெல்லாம் கோடு விழும், சனம் "ஐயோ" என்னும். ஒத்திகை எல்லாம் சரி. அன்றிரவு நுனி பிரிந்துவிடக் கூடாதென்று நான் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன். மூன்றாவது அடிக்கு இயேசு பல்லைக் கடித்துக்கொண்டு "மெல்ல அடியடா விசரா" என்றார், மைக் பக்கத்திலேயே இருந்தது. உரோமர் சவுக்கின் வார்களில் எலும்பும் ஈயமும் கோத்திருக்கும் என்று பிறகு வாசித்தபோது முதுகு கூசியது.

உயிரியல்காரி:
உயர்தரத்தில் சவுக்குமுளை படித்தவர்கள் ஒருவரும் இல்லையா? இயூகிளினா என்ற ஒருகல உயிருக்கு முன்னால் துடிக்குமே, அந்த இழை. ஆங்கிலத்தில் ஃபிளாஜெல்லம். இலத்தீனில் அதற்குச் சின்னச் சவுக்கு என்று பொருள், ஃபிளாஜெலேஷனுக்கும் வேர் அதுதான். எங்கள் ரீச்சர் துவரங்கேட்டியைக் காற்றில் சுழற்றித்தான் விளங்கப்படுத்தினா. அதே கேட்டியால் கையில் ஒன்று விழுந்தால் அது வெறும் அடி, அதற்கு இவ்வளவு பெரிய சொல் வேண்டாம். தண்டனையாகச் சவுக்கால் அடிப்பதும், தவமாகத் தன் முதுகில் தானே அடித்துக்கொள்வதும்தான் இந்தச் சொல். 1349இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய் அப்படி அடித்துக்கொண்டவர்களைப் பாப்பரசர் ஆறாம் கிளெமெந்து தடைசெய்தார். அவர்களைப் பற்றி எழுதும்போது "கசையடி" என்று மட்டும் போட்டால் வேறு யாரோ அடித்தது போலாகிவிடும்.

வவுனிக்குளத்தான்:
நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கும் போய்விட்டது. சரி, அந்த இயேசு இப்போது எங்கே?

முல்லைக்கடல்:
வெளிநாட்டில். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் போன் எடுத்து "முடிச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.