ஏசி அறை ஒன்றுதான்: மகளின் படிப்புக்கா, சொக்லேட்டுக்கா?

வெள்ளவத்தைத் தாய்:

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடியில் கணவர், மாமி, இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் சொக்லேட் செய்து விற்கிறேன். மகளின் பிறந்தநாளுக்குச் செய்ததைச் சுவைத்த அயலவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் வழியாக வட்ஸ்அப்பில் செய்தி பரவி, இன்று சாமத்திய வீடு, பிறந்தநாள், திருமண வரவேற்பு என்று மாதத்திற்கு 120 பெட்டிகள் வரை போகின்றன. பன்னிரண்டு துண்டுகள் கொண்ட பெட்டி 1,200 ரூபாய். தொடங்கிய நாளிலிருந்து அதே விலைதான். சொக்லேட், கஜு, கிரீம் ஆகியவற்றுக்கு ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 700 ரூபாய் முடிகிறது. கொழும்புக்குள் ஓட்டோவில் அனுப்பும் செலவையும் நானே ஏற்கிறேன். அது பெட்டிக்குச் சராசரியாக 200 ரூபாய் வரும். மிஞ்சும் பணத்தில்தான் பள்ளிக்கூட வேனுக்கும் மகளின் தனியார் வகுப்புக்கும் கட்டுகிறேன். ஆகவே இதைப் பொழுதுபோக்காக நினைத்து விட்டுவிட முடியாது.

என் சிக்கல் அறை பற்றியது. எங்கள் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்று. கொழும்பின் வெக்கையில் அந்த அறையை விட்டால் சொக்லேட் வேறெங்கும் இறுகாது என்பதால் அச்சுகளும் தட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. மகள் ஐந்தாம் தரத்தில் படிக்கிறாள், புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். அவளுடைய மேசையும் அந்த அறையில்தான் இருந்தது. பெட்டிகள் கூடக் கூட அந்த மேசையில் முதலில் பாதி என்னுடையதாயிற்று, பிறகு முழுவதுமே என்னுடையதாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு வேலையை முடித்து வெளியே வந்தபோது, அவள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாயில் குப்புறப் படுத்து, வினாத்தாளின் மேல் கன்னத்தை வைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். தாள் வியர்வையில் நனைந்திருந்தது. அவள் ஒரு நாளும் இதுபற்றி முறையிட்டதில்லை. அதை நினைக்கும்போது இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

மூன்று வயது மகனை மாமி பார்த்துக்கொள்கிறார், ஆனால் முழங்கால் வலியோடு அவன் பின்னால் ஓட அவரால் முடிவதில்லை. பரீட்சை முடியும்வரை நிறுத்திவை என்று கணவர் சொல்கிறார். இப்போது ஆடி மாதம் என்பதால் ஓரளவு ஓய்வு உண்டு. ஆவணி முகூர்த்தத்துக்காகக் கனடாவிலிருந்து வந்திருக்கும் ஒரு குடும்பம் 150 பெட்டிகள் கேட்டிருக்கிறது. இடையில் நிறுத்தினால் வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறேன். இதற்கிடையில், கடைசியாகச் செய்த இரண்டு தொகுதிகளில் மூன்றாம் நாளே வெள்ளைப் படலம் தோன்றிவிட்டது. மின்கட்டணத்துக்குப் பயந்து வேலை முடிந்ததும் ஏசியை நிறுத்திவிடுகிறேன்; அதுதான் காரணமா என்றும் தெரியவில்லை. பிள்ளைகளோடு இந்தத் தொழிலைச் செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தெஹிவளை அக்கா:

அன்புத் தங்கைக்கு, மேசையை இன்றைக்கே மகளிடம் திருப்பிக் கொடுங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இதே தொழிலை மூன்று பிள்ளைகளோடு செய்பவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அந்த அறை உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் ஒன்றரை மணிக்குத்தான் மணி அடிக்கும், வேனில் வீடு வந்து சேர இரண்டு மணியாகும். காலை எட்டு மணி தொடக்கம் பன்னிரண்டரை வரை அந்த அறை முழுவதும் உங்களுடையது. வாரத்தில் மூன்று காலைகளை மட்டும் சொக்லேட்டுக்கு ஒதுக்குங்கள். ஒரு மணிக்கு அறையில் ஒரு தட்டுக்கூட இருக்கக்கூடாது என்பதை உங்களுக்கு நீங்களே விதியாக்கிக்கொள்ளுங்கள். பெட்டி மடிப்பது, ரிப்பன் கட்டுவது, விபரச்சீட்டு ஒட்டுவது ஆகியவற்றுக்கு ஏசி எதற்கு? அந்தக் கடதாசி வேலைகளை மாலையில் கூடத்தில் செய்து வைத்தால், மறுநாள் காலையில் துண்டுகளை அடுக்குவது மட்டுமே மிஞ்சும். மாமி உட்கார்ந்தபடி பெட்டி மடிக்கட்டும், சின்னவனோடு நீங்கள் இருங்கள். அவருக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

இனி வெள்ளைப் படலம். கொக்கோ வெண்ணெய் இறுகும்போது ஆறு வகையான படிக வடிவங்களை எடுக்கக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டியது. மினுக்கமும் கடிக்கும்போது வரும் ‘டக்’ என்ற ஒலியும் அதில்தான் உண்டு, அது உருகுவதும் 34 பாகை செல்சியஸை அண்டித்தான். அந்த வடிவம் கிடைக்க, டார்க் சொக்லேட்டை 45 தொடக்கம் 50 பாகை வரை உருக்கி, 27 அல்லது 28 பாகைக்கு இறக்கி, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு ஏற்றி வேலை செய்யவேண்டும். பால் சொக்லேட்டுக்கு வேலை செய்யும் வெப்பநிலை 29 தொடக்கம் 30, வெள்ளைச் சொக்லேட்டுக்கு 28 தொடக்கம் 29. சூட்டை இறக்கப் பளிங்குக் கல்லில் ஊற்றித் தேய்க்க நம் வீடுகளில் இடமில்லை. மொத்தச் சொக்லேட்டில் கால் பங்கை உருக்காமல் எடுத்துவைத்து, உருக்கியதில் சிறிது சிறிதாகக் கலந்து இறக்குவதே எளிது. உதட்டில் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவதை விட்டுவிட்டு ஒரு நல்ல தெர்மோமீற்றர் வாங்குங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், உங்களுடையது கெட்டுப்போனதற்கு ஏசியை நிறுத்தியதே காரணமாக இருக்கலாம். அறை ஏறக்குறைய முப்பது பாகைக்கு ஏறுவதும் இரவில் மீண்டும் குளிர்வதுமாக இருந்தால், உள்ளே உள்ள கொழுப்பு மெல்ல மேற்பரப்புக்கு வந்து படலமாக உறையும். ஒரு துளி தண்ணீரை அந்தப் படலத்தின் மேல் விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது சீனி. குளிரிலிருந்து எடுத்த உடனே பெட்டியைத் திறந்ததால் ஈரம் படிந்து சீனி மேலே வந்திருக்கிறது. கரையாமல் விரல் சூட்டில் வழுவழுவென்று மறைந்தால் அது கொழுப்பு. இரண்டுக்கும் நான் கண்ட வழி ஒன்றுதான்: காற்றுப் புகாத டப்பாவில் இறுக மூடி, அதைத் தடித்த துணியால் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பேன், வெளியே எடுத்த பிறகு டப்பா அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்கமாட்டேன். சொக்லேட்டுக்கு உகந்தது 15 தொடக்கம் 18 பாகை வரைதான் என்றாலும், தனிக் குளிர்பெட்டி வாங்க வசதி வரும்வரை இது போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததல்லவா? அந்த வாரத்தில் ஒரு திருமணத்துக்காகச் செய்து வைத்திருந்த அவ்வளவும் என் கண்முன்னே இளகிப் போயிற்று. முற்பணம் வாங்கியிருக்கவில்லை. அன்றிலிருந்து பாதித் தொகை கைக்கு வராமல் அச்சைத் தொடுவதில்லை. புதிய கிரீம் சேர்த்தவற்றைக் கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் செய்கிறேன். கஜு, எள்ளுருண்டை போன்ற உலர்ந்த நிரப்பல்களை முன்கூட்டியே செய்து வைக்கலாம். கிரீமை அப்படி நம்ப முடியாது.

கணக்குப் பார்ப்பவர்:

மேலே சகோதரி நேரத்தைப் பற்றி மிக நன்றாகச் சொல்லிவிட்டார். நான் பணத்தை மட்டும் பார்க்கிறேன்.

இருபது பெட்டிகளை ஒரு தொகுதியாக எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன பொருட்செலவு 14,000 ரூபாய். வெற்றுப் பெட்டி, ரிப்பன், உறை எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 120 என்று வைத்தால் 2,400. உடைந்தது, சுவை பார்த்தது, படலம் பிடித்தது என்று பொருளில் நூற்றுக்கு ஐந்து வீணாகும், அது 700. மின்சாரம் 400. இவற்றைக் கூட்டினால் 17,500, அதாவது ஒரு பெட்டிக்கு 875 ரூபாய். அதற்கு மேல் ஓட்டோவுக்கு 200. மொத்தம் 1,075. ஆகவே 1,200 ரூபாயில் உங்கள் கையில் நிற்பது 125 ரூபாய் மட்டுமே. 120 பெட்டிகளுக்கு மாதம் 15,000.

இதில் உங்கள் உழைப்புக்கு ஒரு சதமும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபது பெட்டிகளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் தேவை என்றும், மணிக்கு வெறும் 300 ரூபாய்தான் என்றும் வைத்தாலே பெட்டிக்கு 180 வருகிறது. அதாவது உங்களுக்கு நீங்களே கூலி கொடுத்தால் ஒவ்வொரு பெட்டியிலும் 55 ரூபாய் நட்டம். உங்கள் மகள் கூடத்தில் படுத்து உறங்கியது இந்த நட்டத்துக்காகத்தான் என்பதை எழுதும்போது எனக்கே மனம் கனக்கிறது.

விலையை 1,500 ஆக்கி, அனுப்பும் செலவை வாங்குபவரிடம் விட்டுவிட்டால் பெட்டிக்கு 625 நிற்கும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போய், 60 பெட்டிகள் மட்டுமே விற்றாலும் மாதம் 37,500. நாற்பது பெட்டிகள் விற்றால்கூட 25,000, அதாவது இன்று 120 பெட்டிகளுக்கு வருவதைவிட அதிகம். நீங்கள் அஞ்சுவது போல வாடிக்கையாளர்கள் குறைந்தாலும், குறைவது உங்கள் களைப்பாகத்தான் இருக்கும்.

விலையேற்றத்துக்கு வெட்கப்படவும் தேவையில்லை. கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் அறுவடை பொய்த்ததால், 2024 இல் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோ 10,000 டொலரையும் தாண்டியது. அதே ஆண்டு ஜனவரியில் இங்கே வற் எனும் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாயிற்று. புறக்கோட்டையில் நீங்கள் வாங்கும் சொக்லேட் கட்டியின் விலைச் சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள், உங்கள் 1,200 மட்டும்தான் அசையாமல் நின்றிருக்கும்.

கொட்டாஞ்சேனைத் தந்தை:

என் மனைவி கேக் செய்து விற்பவர் என்பதால் ஒரு கணவனாக எழுதுகிறேன். நிறுத்திவை என்று நானும் ஒரு காலத்தில் சொன்னேன். அப்படிச் சொல்வது எளிது. பிறகுதான் வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு விடை எழுதுவதையும் சனிக்கிழமை விநியோகத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய இரவுகளில் பாதியை விழுங்கியது அந்தத் தொலைபேசிதான் என்று அப்போது புரிந்தது. உங்கள் கணவரிடம் அந்த இரண்டு வேலைகளையும் கேட்டுப் பாருங்கள்.

150 பெட்டிகளை அப்படியே ஏற்காதீர்கள், முழுவதுமாக மறுக்கவும் வேண்டாம். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு துண்டுகள் எதற்கு? இரண்டு துண்டுகள் கொண்ட சிறிய பொதியாகக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். 300 துண்டுகள் என்றால் உங்கள் இருபத்தைந்து பெட்டிகளுக்குரிய வேலைதான்.

அக்காவோடு ஓரிடத்தில் மட்டும் உடன்படவில்லை. ஏசி இல்லாத மண்டபத்தில் மூன்று மணிநேரம் மேசையில் இருக்கப்போகும் சொக்லேட்டுக்குக் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்த்த கொம்பவுண்டையே பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். அதற்கு அந்த வெப்பநிலை வித்தைகளும் தேவையில்லை. வாங்குபவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையையும் அதற்கேற்பக் குறைத்துவிட வேண்டும்.

தெஹிவளை அக்கா:

வெளிப்படையாகச் சொன்னால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டையும் விற்றால், அடுத்த முறை சுவை வேறாக இருக்கிறதே என்று கேட்பார்கள். விபரச்சீட்டின் நிறத்தையாவது மாற்றுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி:

மாதம் 120 பெட்டிகள் என்றால் பதிவையும் இப்போதே செய்துவிடுங்கள். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருவதால், வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். நான் போனபோது கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலைக் கேட்டார்கள்; உணவுத் தொழில் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து சமையலறையைப் பார்த்தார். வீட்டில் செய்தாலும் விற்பனைக்கு வரும் உணவு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். சீட்டில் சேர்பொருட்கள், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, உங்கள் முகவரி எல்லாம் இருக்கட்டும். கஜு, பால் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் தாய்மார் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

வெள்ளவத்தைத் தாய்:

அனைவருக்கும் நன்றி. கணக்கை வாசித்துவிட்டு நேற்றிரவு கணவரும் நானும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம். 125 ரூபாய்தான் வருகிறது. இரண்டு ஆண்டுகளாக அதை 500 என்று நம்பியிருந்திருக்கிறேன்.

தண்ணீர்த் துளி கரையவில்லை, விரலில் தேய்த்ததும் படலம் மறைந்தது. ஆகவே கொழுப்புத்தான், காரணம் ஏசியை நிறுத்தியதாகத்தான் இருக்கவேண்டும்.

கனடாக் குடும்பத்தோடு பேசினேன். இரண்டு துண்டுப் பொதிக்கு இணங்கிவிட்டார்கள். உண்மைச் சொக்லேட்தான் வேண்டும் என்றும், மண்டபத்தில் ஏசி இருக்கிறது என்றும் சொன்னார்கள். பாதிப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டார்கள். பரீட்சை முடியும்வரை வாரத்திற்குப் பத்துப் பெட்டிகளுக்கு மேல் ஏற்பதில்லை என்று வட்ஸ்அப்பில் புதிய விலையோடு அறிவித்தேன். மூன்று பேர் விலையைப் பார்த்துவிட்டு விடைபெற்றார்கள், ஒருவர் அந்த விலைக்கே ஆறு பெட்டிகள் கேட்டிருக்கிறார். தொலைபேசி இன்று மாலை தொடக்கம் கணவரிடம்.

மேசையைத் துடைத்து மகளின் புத்தகங்களை அடுக்கினேன். பள்ளிக்கூடத்தால் வந்தவள் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, “அம்மா, இனி நீங்கள் எங்கே செய்வீர்கள்?” என்று கேட்டாள். காலையில், நீ இல்லாதபோது, இதே இடத்தில்தான் என்றேன். அப்படியென்றால் தன் பென்சில் பெட்டியை நகர்த்தக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

ஒன்றை மட்டும் இன்னும் கேட்கவேண்டும், அக்கா. பள்ளிக்கூட விடுமுறையில் காலை நேரமும் பிள்ளைகளுடையதாகிவிடுமே. அந்த வாரங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

தெஹிவளை அக்கா:

விடிகாலை நாலரை தொடக்கம் ஏழு வரை கூடத்தில் செய்தேன். கொழும்பில் ஏசி இல்லாமல் ஓரளவாவது சமாளிக்கக்கூடிய நேரம் அதுதான். அப்போதும் அச்சுகளைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் இறுக வைக்கவேண்டும், பத்துப் பெட்டிகளுக்கு மேல் முடியாது. விடுமுறையில் ஒரு வாரம் முழுவதுமாகவே மூடிவிடுவேன். அந்தத் திகதிகளை ஒரு மாதத்துக்கு முன்பே வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிடுங்கள்.