கிரேடில்: பில்ட் ஸ்கிரிப்டில் இருக்கும் மதிப்பை டாஸ்க் கிளாஸுக்குள் எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கிரேடில் என்ற பில்ட் கருவிக்காக குரூவி மொழியில் எழுதிய பில்ட் ஸ்கிரிப்டின் தலையில் 'டெஃப்' போட்டு 'பதிப்பு' என்ற மாறியில் '2.4' என்ற ஸ்ட்ரிங்கை வைத்திருக்கிறேன். அதே கோப்பின் அடியில், இந்த எண்ணை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும் டாஸ்க் கிளாஸ். சாதாரண டாஸ்கின் 'டூலாஸ்ட்' பிளாக்கில் மாறி கிடைக்கிறது, கிளாஸுக்குள் மட்டும் 'அப்படி ஒரு பிராப்பர்ட்டி தெரியாது' என்று நின்றுவிடுகிறது. ஏன்?

பதில் 1:
'டெஃப்' போட்டால் அது ஸ்கிரிப்டின் லோக்கல் மாறி. 'டூலாஸ்ட்' ஒரு குளோஷர், சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்துக்கொள்ளும். கிளாஸ் தனியாக கம்பைல் ஆவதால் அதற்கு அது தெரியாது. மதிப்பை 'எக்ஸ்ட்' பிளாக்கில் (புராஜெக்ட்டோடு கூடுதல் மதிப்புகளைச் சேர்க்கும் இடம்) வைத்து, கிளாஸுக்குள் 'புராஜெக்ட்' வழியாக எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, வேலை செய்தது. ஆனால் கான்ஃபிகரேஷன் கேஷை (பில்ட் அமைப்பைச் சேமித்து அடுத்த முறை அப்படியே பயன்படுத்தும் வசதி) ஆன் செய்ததும், டாஸ்க் ஓடும்போது புராஜெக்ட்டைத் தொடக்கூடாது என்று எரர். கிளாஸை 'பில்ட்எஸ்ஆர்சி'க்கு (பில்ட்டுக்கான கிளாஸ்களை வைக்கும் தனி ஃபோல்டர்) மாற்றும் திட்டமும் இருக்கிறது.

பதில் 2:
அப்படியென்றால் 'எக்ஸ்ட்' வழியை விட்டுவிடுங்கள். 'பில்ட்எஸ்ஆர்சி' முதலில் கம்பைல் ஆகும். உங்கள் ஸ்கிரிப்டின் மாறிகள் அப்போது பிறக்கவே இல்லை. கிளாஸ் மதிப்பைத் தேடிப் போகக்கூடாது, ஸ்கிரிப்ட்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

கிளாஸை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கி, 'பிராப்பர்ட்டி' வகையில் ஸ்ட்ரிங்குக்கு ஓர் அப்ஸ்ட்ராக்ட் கெட்டர் எழுதுங்கள். அதன் தலையில், இது டாஸ்கின் உள்ளீடு என்று சொல்லும் '@இன்புட்' குறி. கெட்டருக்கு வேண்டிய நிரலை கிரேடிலே உருவாக்கிக்கொள்ளும். ஸ்கிரிப்டில் 'டாஸ்க்ஸ்.ரெஜிஸ்டர்' பிளாக்கில் 'செட்' செய்துவிடுங்கள். இங்கே 'டெஃப்' மாறியே போதும். டாஸ்க் ஓடும் மெத்தடில் 'கெட்' மட்டும். கேஷும் புகார் சொல்லாது.

கமாண்ட் லைனில் '-பி' வழியாகவோ, ரூட்டில் உள்ள 'கிரேடில்.பிராப்பர்ட்டீஸ்' கோப்பிலிருந்தோ மதிப்பு வர வேண்டுமென்றால், 'செட்'டுக்குள் 'புரொவைடர்ஸ்.கிரேடில்பிராப்பர்ட்டி' கொடுங்கள். இது 'எக்ஸ்ட்' மதிப்புகளைப் பார்க்காது. பலர் சிக்குவது இங்கேதான்.

கேட்டவர்:
எரர் போய்விட்டது, மிக்க நன்றி. ஆனால் எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினாலும் டாஸ்க் முழுதாக ஓடுகிறதே? 'அப்-டு-டேட்' (எதுவும் மாறவில்லை, ஓட்டத் தேவையில்லை) என்று வரவில்லை.

பதில் 2:
எழுதும் ஃபைலை 'அவுட்புட்ஃபைல்' என்று அறிவித்தீர்களா? இன்புட் மட்டும் இருந்தால் கிரேடில் ஒவ்வொரு முறையும் ஓட்டத்தான் செய்யும். 'ரெகுலர்ஃபைல்பிராப்பர்ட்டி' ஒன்று சேர்த்து, பில்ட் டைரக்டரிக்குள் ஒரு ஃபைலைக் காட்டுங்கள். அப்புறம் எதுவும் மாறாவிட்டால் 'அப்-டு-டேட்' வரும், பதிப்பு எண்ணை மாற்றினால் டாஸ்க் ஓடும்.