ஊசித்தட்டான் மங்கல், பின்னால் கோரை மட்டும் பளிச்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் ஊசித்தட்டான்களைப் படம் எடுக்க மூன்று வாரமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 30 மடங்கு ஜூம், 1/2.3 அங்குல சென்சார் உள்ள சின்ன கேமரா. ஆறு வருடம் பழசு. லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாட்ட மரை கிடையாது.

ஜூமை முழுக்க நீட்டினால் ஒன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் பிடிக்காது. தள்ளி நின்றால், ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் அந்த உடலை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள கோரையைப் பிடித்துக்கொள்கிறது. மேக்ரோவில் போட்டு இரண்டு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம்தான், என் நிழல் விழுந்ததுமே பறந்துவிடும். தலைப்பிரட்டைகள் தேவலை, படித்துறை ஓரம் சும்மா கிடக்கின்றன.

ஃபோகஸ் கட்டத்தை ஆகச் சிறியதாக்கினேன். அதே தூரத்து அல்லி இலை விளிம்பில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கேமராவைப் பூச்சி பக்கம் திருப்பிப் பார்த்தேன், பத்தில் ஒன்று தேறியது. காலை ஆறு மணிக்கே போனேன். பூச்சி அசையவில்லை, ஆனால் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600க்கு ஏறி, படம் மணல் மணலாக வந்தது. தண்ணீர்ப் பளபளப்புக்கு போலராய்டு கூலிங்கிளாஸை முன்னால் பிடித்தது மட்டும் பலித்தது. (மைத்துனரின் கண்ணாடி. இப்போது குளத்துக்குள் இருக்கிறது.)

மிச்சம் க்ளோஸ்-அப் லென்ஸ்தான், கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி மாதிரி. +2 டயாப்டர் (கண்ணாடிக்குச் சொல்கிற அதே பவர்) போட்டால் அரை மீட்டரிலேயே ஃபோகஸ் கிடைக்கும் என்பது கணக்கு. மரை இல்லாத கேமராவில், நீளும் ஜூமுக்குப் பாரம் ஏறாமல், அந்த லென்ஸை எதை வைத்து மாட்டுகிறீர்கள்?